மரம் புத்தரானால் கத்தரி எதற்கு?

நவம்பர் பிறந்துவிட்டால் ஜப்பானின் பழைய கோயில் தோட்டங்களில் பைன் மரங்களை ஒட்டி மூன்று கால் ஏணிகள் நிற்கத் தொடங்கிவிடும். ஏணியின் உச்சியில் இருப்பவரின் இடுப்பில் கத்தரி தொங்கினாலும் வேலை பெரும்பாலும் விரல்களுக்குத்தான். ஒரு சிறு கிளையை இடது கையால் பிடித்துக்கொண்டு, போன வருடத்து ஊசியிலைகளை வலது கை விரல்களால் உருவி எடுக்கிறார். இந்த வருடத்து ஊசிகள் மட்டும் நுனியில் கொத்தாக நிற்கின்றன. நுனியில் நான்கைந்து மொட்டுகள் இருந்தால் இரண்டை விட்டுவைத்து மற்றவற்றைக் கிள்ளிவிடுகிறார். பிறகு அடுத்த கிளை, அதற்கடுத்த கிளை. பெரிய மரமென்றால் இரண்டு பேர் சேர்ந்தாலும் ஒரு நாளில் முடியாது. மாலையில் கீழே இறங்கும்போது விரல்களெல்லாம் பிசின் பிடித்துக் கறுத்திருக்கும்.

'மொமியாகே' என்பது இந்த வேலைக்குப் பெயர். வருடத்தில் இது இரண்டாவது சுற்று. முதல் சுற்று வசந்தத்தின் முடிவிலேயே வந்துபோயிருக்கும். நிமிர்ந்து நீளும் இளங்கொழுந்துகளை அப்போது கையால் ஒடிப்பார்கள், அல்லது ஜூன், ஜூலையில் அடியோடு வெட்டுவார்கள். ஐம்பது வயது மரத்துக்கும் முந்நூறு வயது மரத்துக்கும் இதே நடைமுறைதான். ஒரு வருடம் கூட விடுப்பு கிடையாது.

அந்தக் கோயில்களில் பலவற்றில், புல்லும் மரமும் மண்ணும் உட்பட எல்லாமே புத்த நிலையை அடையக்கூடியவை என்ற கொள்கை ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகப் போதிக்கப்பட்டு வருகிறது. உள்ளே அந்தப் போதனை, வெளியே ஏணியும் கத்தரியும். மரம் புத்தராகக்கூடியது என்றால் அதன் கொழுந்தை வெட்டவும், கிளையை வளைத்துக் கட்டவும், உயரத்தைத் தடுத்து நிறுத்தவும் மனிதனுக்கு யார் உரிமை கொடுத்தது? வீட்டு முற்றத்தில் ஒரு செடியை வைத்து அழகுக்காக வளர்க்கும் எவரையும் இந்தக் கேள்வி தொடும். ஆனால் ஜப்பானியப் பைன் தோட்டத்தைப் போல இதை இத்தனை நீண்ட காலம் கையிலேயே வைத்துக்கொண்டு வாழ்ந்த இடம் வேறெதுவும் இருக்குமா என்பது சந்தேகம்.

கேள்வியின் வேர் இந்தியாவில் இருக்கிறது. தாவரங்களுக்குத் தொடு உணர்வு என்ற ஓர் அறிவு உண்டு என்று சமணம் வகுத்தது. தொல்காப்பியத்தின் மரபியலும் உயிர்களை அறிவின் அடிப்படையில் அடுக்கும்போது தாவரங்களை முதல் படியில் வைக்கிறது. தொடக்ககால பௌத்தம் இந்த விஷயத்தில் அவ்வளவு திட்டமாகப் பேசவில்லை. ஆனால் பிக்குகள் செடிகொடிகளைச் சேதப்படுத்தக் கூடாது என்று வினய விதி ஒன்று உண்டு. அந்த விதி பிறந்த கதையில், ஆளவி என்ற ஊரின் பிக்கு ஒருவர் மரத்தை வெட்டுகிறார். அதில் குடியிருந்த தேவதை தடுத்தும் கேட்காமல் வெட்டியதில் அவளுடைய குழந்தையின் கை காயப்படுகிறது. அவள் புத்தரிடம் போய் முறையிடுகிறாள். புத்தர் அந்தப் பிக்குவைக் கண்டிக்கும்போது, மரத்தில் உயிர் இருப்பதாக மக்கள் கருதுகிறார்களே என்பதைக் காரணமாகச் சொல்கிறார். மரத்துக்கு உயிர் உண்டா என்ற தத்துவத் தீர்ப்பை அவர் அங்கே வழங்கவில்லை. வெட்டுபவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை மட்டும் வரையறுத்தார்.

சீனத்துக்குப் போனதும் கேள்வி உருமாறியது. தியன்தாய் மரபைச் சேர்ந்த ஜான்ரான் (711–782), உணர்வற்றவை என்று நாம் ஒதுக்கும் கல்லுக்கும் செடிக்கும் கூடப் புத்த இயல்பு உண்டு என்று வாதிட்டார். புத்த இயல்பு எங்கும் நிறைந்தது என்று சொல்லிவிட்டு மரத்தின் அருகே வந்ததும் அது நின்றுவிடுகிறது என்றால், எங்கும் என்பதற்கு என்ன பொருள் என்பது அவருடைய வாதத்தின் மையம். ஜப்பானில் அதே மரபின் கிளையான தெந்தாயைச் சேர்ந்த துறவி அன்னென் ஒன்பதாம் நூற்றாண்டில் தாவரங்கள் புத்த நிலை அடைவதைப் பற்றித் தனி நூலே எழுதினார். பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ரியோகெனின் பெயரில் வழங்கும் சிறு நூல் இன்னும் ஒரு படி போகிறது. துளிர்ப்பது, நிலைப்பது, மாறுவது, மடிவது என்ற நான்கு பருவங்களே மரத்தின் சாதனை. துளிர்ப்பது ஞானத்தை நாடும் முதல் உறுதி, மடிவது நிர்வாணம். மரம் யாரும் கற்பிக்காமலே, இருந்த இடத்திலேயே தவம் செய்துகொண்டிருக்கிறது.

இதோடு இன்னொரு பழைய நம்பிக்கையும் கலந்தது. ஷிண்டோ மரபில் பைன், தெய்வம் வந்து இறங்கும் இடம். புத்தாண்டுக்கு வீட்டு வாசலில் பைன் கிளைகளை வைப்பதும், நோ நாடக மேடையின் பின்சுவரில் ஒரு பெரிய பைன் மரத்தை வரைந்திருப்பதும் அதனால்தான். செயாமி எழுதிய 'தகசாகோ' நாடகத்தில் வரும் முதிய தம்பதி உண்மையில் இரண்டு பைன் மரங்களின் ஆவிகள். அதன் வரிகளைத் திருமணங்களில் பாடும் வழக்கம் நீண்ட காலமாக இருந்து வருகிறது.

ஜென் மரபிலோ மரம் வேறொரு வழியில் நுழைந்தது. போதிதர்மர் மேற்கிலிருந்து வந்ததன் உட்பொருள் என்ன என்று ஒரு துறவி சீன ஜென் ஆசான் ஜாவ்ஜோவிடம் (778–897) கேட்டார். காஞ்சியிலிருந்து புறப்பட்டவர் என்று தமிழ்நாட்டில் பலரும் நம்பும் அதே போதிதர்மர். ஜாவ்ஜோ முற்றத்தில் நின்ற ஊசியிலை மரத்தைச் சுட்டினார். அதுதான் பதில். வட சீனக் கோயில் முற்றங்களில் நூற்றாண்டுக் கணக்கில் நிற்கும் அந்த மரத்தின் இனம்தான் தமிழ்நாட்டு நர்சரிகளில் 'துஜா' என்ற பெயரில் தொட்டியில் வைத்து விற்கப்படுகிறது. அந்த மரத்துக்குப் புத்த இயல்பு உண்டா என்று இன்னொரு முறை கேட்டபோது ஜாவ்ஜோ உண்டு என்றார். அது எப்போது புத்தராகும் என்றதற்கு, வானம் தரையில் விழும்போது என்றார். வானம் எப்போது விழும் என்றதற்கு, மரம் புத்தராகும்போது என்றார். மரத்தின் ஞானத்தை ஒரு தேதிக்குள் அடைக்கப் பார்த்த கேள்வியைத் திரும்பக் கேட்டவரிடமே அனுப்பிவிட்டார்.

இத்தனை மரியாதையும் இருந்தும் கத்தரி ஏன் ஓயவில்லை?

கத்தரிக்கு எதிரான குரல்கள் வலுவானவை. சீனத் தாவோ ஞானி சுவாங்சியின் நூலில், குதிரைகளைப் பழக்குவதில் பெயர்பெற்ற போ லே கடுமையாக விமர்சிக்கப்படுகிறார். சூடு போட்டு, மயிரைக் கத்தரித்து, கடிவாளம் மாட்டிப் பழக்குவதற்குள் பாதிக் குதிரைகள் செத்துவிடுகின்றன. இதற்குப் பெயர் திறமையா என்று அந்நூல் கேட்கிறது. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு, 1839-இல் சீன எழுத்தாளர் கோங் சிஜென் அதே கோபத்தைத் தோட்டத்துக்குள் கொண்டுவந்தார். வளைந்தால்தான் அழகு, கோணினால்தான் அழகு என்ற பண்டிதர்களின் ரசனைக்காக வியாபாரிகள் ப்ளம் மரங்களை ஊனமாக்கி விற்பதைக் கண்டு, முந்நூறு தொட்டிகளை வாங்கினார். மூன்று நாள் அழுதார். தொட்டிகளை உடைத்து, கயிறுகளை அவிழ்த்து, மரங்களை மண்ணில் நட்டு, ஐந்து வருடத்தில் குணமாக்குவதாகச் சபதம் எடுத்தார். அறிஞர்களை ஒடுக்கிய சிங் அரசைப் பற்றிய உருவகம் அது என்று வாசிப்பவர்கள் உண்டு. ஆனால் மரங்களைப் பற்றிய எழுத்தாகவே வாசித்தாலும் அதன் கூர்மை குறையாது.

கோங் சொன்னதை ஒதுக்கிவிட முடியாது. ரசனை என்ற பெயரில் எந்த உயிரையும் முறுக்கலாம் என்றால் அதற்கு எல்லையே இல்லை. இருந்தாலும் அவர் கண்ட மரங்களுக்கும் கோயில் தோட்டத்துப் பைனுக்கும் இடையே ஒரு வித்தியாசம் உண்டு. அதைக் காண மரத்தின் உடம்புக்குள் போக வேண்டும்.

வேம்பையோ புங்கையோ அடியில் வெட்டினாலும் கட்டையிலிருந்து துளிர்க்கும். பைன் அப்படியில்லை. ஊசி ஒன்றுகூட இல்லாத பழைய கட்டை வரை கிளையை வெட்டினால் பெரும்பாலும் அந்தக் கிளை காய்ந்துபோகும். பச்சை இருக்கும் இடத்தில்தான் அது மறுபடி மொட்டு விடும். அதனால் பைனில் கைவைப்பவர், தான் நினைத்த வடிவத்தை ஒரே வருடத்தில் வெட்டி எடுக்க முடியாது. எங்கே பச்சை இருக்கிறதோ அங்கே மட்டும் தொட்டு, அது என்ன செய்கிறது என்று அடுத்த வருடம் வரை பார்த்திருக்க வேண்டும்.

இனத்துக்கு இனம் பதிலும் மாறும். கடற்கரை உப்புக்காற்றைத் தாங்கி வளரும் கரும்பைனின் கொழுந்தைக் கோடையின் தொடக்கத்தில் அடியோடு வெட்டினால், சில வாரங்களில் அதே இடத்தில் புது மொட்டுகள் எழும்பி, இலையுதிர்காலத்துக்குள் குட்டை ஊசிகளோடு முதிர்ந்துவிடும். ஐந்தைந்து ஊசிகளாகக் கொத்துவிடும் வெண்பைனிடம் அந்த வேகம் கிடையாது. அதன் கொழுந்தை வசந்தத்தில் இளசாக இருக்கும்போதே பாதியாகக் கிள்ளலாம். கரும்பைனுக்குச் செய்வதை அதற்குச் செய்தால் மரம் நலிந்துவிடும். ஒரே மரத்துக்குள்ளும் உச்சிக் கிளை வலுவானது, அடிக்கிளை சோனியானது. வலுவை விட்டுவிட்டால் உச்சி எல்லாச் சத்தையும் இழுத்துக்கொண்டு ஓடும், அடிக்கிளைகள் நிழலில் மடியும். அதனால் தேர்ந்தவர்கள் சோனிக் கொழுந்துகளை முதலில் வெட்டி, ஒரு வாரம் பத்து நாள் கழித்து வலுவானவற்றை வெட்டுவார்கள். சோனிக்கு மறுபடி துளிர்க்க அதிக அவகாசம் கிடைக்கும். உச்சியில் ஊசிகளை அதிகம் உருவி, கீழே அதிகம் விட்டுவைப்பதும் இதே கணக்குதான். வெளிச்சம் உள்ளே இறங்க வேண்டும், காற்று ஊடுருவ வேண்டும், வேரடியில் தண்ணீர் தேங்கக் கூடாது.

இந்த வேலையின் நோக்கத்தை அடக்குமுறை என்று மட்டும் சொன்னால் பாதிதான் சொன்னதாகும். காட்டில் அடிக்கிளைகளை உதிர்த்துவிட்டு உயரத்துக்கு ஓடும் மரம், இங்கே அடிக்கிளைகளையும் உயிரோடு வைத்துக்கொண்டு நூற்றாண்டுகள் நிற்கிறது. தகமட்சு நகரின் ரிட்சுரின் தோட்டத்தில் சுமார் 1,400 பைன் மரங்கள் இருக்கின்றன. அவற்றில் ஏறத்தாழ ஆயிரம் மரங்கள் கையால் கவாத்து செய்யப்படுபவை. அங்கே உள்ள ஒரு வெண்பைன் 1833-இல் ஷோகுன் தொகுகவா இயெனாரி அந்த நாட்டுப் பிரபுவுக்குத் தொட்டியில் கொடுத்த பரிசு. தொட்டியிலிருந்து மண்ணுக்கு வந்த மரம் இன்று எட்டு மீட்டர் உயரத்துக்கு வளர்ந்து, வேர்கள் தரைக்கு மேலே தெரிய நிற்கிறது. கோங் தம் ப்ளம் மரங்களுக்கு விரும்பியது இதற்குக் கிடைத்தது. ஆனால் தொட்டி போன பிறகும் தோட்டக்காரர் போய்விடவில்லை.

வித்தியாசம் அங்கேதான். வளைத்து, கட்டி, விற்றுவிட்டுப் போகும் வியாபாரிக்கு அடுத்த வருடத்தோடு வேலையில்லை. வருடாவருடம் ஏணியோடு வருபவர், போன வருடம் தான் செய்த வெட்டுக்கு மரம் சொன்ன பதிலைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். தவறாக வெட்டியிருந்தால் காய்ந்த கிளை அவர் முன்னாலேயே நிற்கும். மரத்தை உருவாக்கும் உரிமை என்று ஒன்று இருக்குமானால், அது திரும்பி வருபவருக்குத்தான் உண்டு. வடிவம் கொடுத்த முதல் நாளில் மரம் மனிதனுக்குக் கட்டுப்படுகிறது. அன்றிலிருந்து மனிதன் மரத்துக்குக் கட்டுப்படுகிறான். கவாத்து செய்த பைனைச் சில வருடங்கள் விட்டுப் பார்த்தால் இது விளங்கும். நுனிகள் அடர்ந்து மூடிக்கொள்ளும். உள்ளே வெளிச்சமில்லாத கிளைகள் மடியும். புயலும் பனியும் அந்த அடர்த்தியில் சிக்கிக் கிளைகளை முறிக்கும். பழைய வடிவமும் இருக்காது, காட்டு மரத்தின் வடிவமும் வராது.

கனசாவா நகரின் கென்ரோகுயென் தோட்டத்தில் இந்தக் கட்டுப்பாடு கண்ணுக்கே தெரியும். ஜப்பான் கடலிலிருந்து வரும் ஈரமான கனத்த பனி அங்கே கிளைகளை ஒடித்துவிடும். அதனால் ஒவ்வொரு வருடமும் நவம்பர் முதல் தேதி, குளத்தின் மேல் கைநீட்டி நிற்கும் கராசாகி பைனில் தொடங்கி, கயிறு கட்டும் வேலை நடக்கிறது. மரத்தை ஒட்டி உயரமான ஐந்து கம்பங்களை நட்டு, உச்சியிலிருந்து சுமார் எண்ணூறு கயிறுகளை இறக்கி, ஒவ்வொரு கிளையையும் தனித்தனியாகத் தாங்கிக் கட்டுகிறார்கள். மார்ச்சில் எல்லாவற்றையும் அவிழ்க்கிறார்கள். கிளைகளை இவ்வளவு தூரம் பக்கவாட்டில் நீளவிட்டது மனிதர்கள். அந்தக் கிளைகளின் பாரத்தைக் குளிர்காலத்தில் சுமப்பதும் அவர்கள் தலையில்தான் விழுகிறது.

அன்பாகச் செய்ததெல்லாம் நன்மை ஆகிவிடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். தாங் காலத்து எழுத்தாளர் லியு சோங்யுவான் (773–819) கூன் விழுந்த மரம்நடுபவர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். அவர் நட்ட மரம் எதுவும் பட்டுப்போனதில்லை. ரகசியத்தைக் கேட்டபோது, வேரை விரியவிட்டு, பழைய மண்ணோடு நட்டு, பிறகு அதன் இயல்புக்கு விட்டுவிடுகிறேன் என்கிறார். மற்றவர்கள் காலையில் பார்த்து, மாலையில் தடவி, உயிரோடிருக்கிறதா என்று பட்டையைக் கீறிப் பார்த்து, வேர் பிடித்ததா என்று ஆட்டிப் பார்த்தே கொன்றுவிடுகிறார்களாம். அதிகாரிகள் மக்களைப் படுத்தும் பாட்டைச் சொல்ல வந்த கதைதான். என்றாலும் தோட்டத்துக்கு அது அப்படியே பொருந்தும்.

ஜப்பானியப் பைன்களுக்கும் அப்படி ஓர் அனுபவம் உண்டு. குளிர்காலத் தொடக்கத்தில் அடிமரத்தைச் சுற்றி வைக்கோல் பாய் கட்டி, வசந்தம் வந்ததும் அவிழ்த்து எரிப்பது நெடுநாளைய வழக்கம். ஊசிகளைத் தின்னும் கம்பளிப்புழுக்கள் குளிருக்கு அதில் ஒதுங்கும், எரித்தால் ஒழியும் என்பது கணக்கு. ஹிமேஜி கோட்டையின் பைன்களில் கட்டிய பாய்களைப் பிரித்து ஆராய்ந்தபோது, அதில் ஒதுங்கியிருந்தவற்றில் தீங்கு செய்யும் புழுக்கள் கொஞ்சமே. அவற்றைத் தின்று மரத்தைக் காக்கும் சிலந்திகளும் பூச்சிகளுமே அதிகம் என்று தெரியவந்தது. வருடாவருடம் பக்தியோடு எரித்தது மரத்தின் நண்பர்களை. அதன்பின் பல இடங்களில் அந்த வழக்கத்தை நிறுத்திவிட்டார்கள். சில இடங்களில் பருவத்தின் அடையாளமாக அது இன்னும் தொடர்கிறது.

எல்லாவற்றையும் விடப் பெரிய அழிவு வெளியிலிருந்து வந்தது. 1905-இல் நாகசாகியில் பைன் மரங்கள் கூட்டமாகக் காய்ந்தது பதிவாகியிருக்கிறது. காரணம் புரிய அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. வட அமெரிக்காவிலிருந்து மரச் சரக்கோடு வந்த, ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள நூற்புழு அது. தண்டு துளைக்கும் ஒரு வண்டு கிளைகளைக் கடிக்கும்போது அந்தக் காயத்தின் வழியே உள்ளே புகுந்து, மரத்தின் நீரோட்டத்தையே நிறுத்திவிடுகிறது. வசந்தத்தில் பச்சையாக நின்ற மரம் இலையுதிர்காலத்துக்குள் செந்நிறமாகிச் செத்துவிடும். இதைச் செய்வது அந்தப் புழுதான் என்று 1971-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் நிறுவினார்கள். 1979-இல் மட்டும் ஏறத்தாழ 24 லட்சம் கன மீட்டர் மரம் பாழானது. கியோட்டோவின் மேற்கு மலையில் யோஷிமினே கோயிலில், அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாகத் தரையை ஒட்டியே வளர்த்துவந்த வெண்பைன் ஒன்று உண்டு. ஐம்பது மீட்டருக்கும் மேல் நீண்டிருந்த அந்த மரத்தில், பூச்சித் தாக்குதலால் 1994-இல் சுமார் 15 மீட்டரை வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று. அறுநூறு ஆண்டுப் பராமரிப்பில் கால்பங்கு ஒரே வெட்டில் போனது. மீதியை இன்றும் பார்க்கலாம். அதற்கும் வருடாவருடம் ஆள் வருகிறது.

திரும்பி வருவதுதான் கடமை என்றால், மனிதன் சாகிறவனாயிற்றே, அவன் எத்தனை நாள் திரும்பி வருவான்? அறுநூறு வயது மரத்தை ஒருவர் அறுபது வருடம் பார்த்துக்கொண்டாலும் அவர் அதில் பத்தில் ஒரு பங்குதான். முன்னால் பார்த்தவர் ஏன் இந்தக் கிளையை விட்டுவைத்தார் என்று மரத்தைப் பார்த்தே புரிந்துகொள்ள வேண்டும். பின்னால் வருபவருக்குப் புரியும்படி வெட்ட வேண்டும். தன் கண்ணால் காணப்போகாத வடிவத்துக்காக இன்றைக்கு ஒரு மொட்டைத் தேர்ந்தெடுப்பது, பலனில் பற்று வைக்காத கர்மம் பற்றிய ஏட்டுப் பேச்சைக் கைவேலையாக மாற்றிவிடுகிறது. பௌத்தம் ஆத்மா என்று நிலையான ஒன்றை ஏற்பதில்லை. காரணமும் விளைவும் தொடரும் ஓட்டத்தை மட்டுமே ஏற்கிறது. நூறு கைகள் மாறியும் ஒரே மரமாக நிற்கும் பைன் அந்தக் கருத்துக்கு நல்ல சாட்சி. அதன் வடிவம் யாருடையது என்று கேட்டால் ஒருவர் பெயரைச் சொல்ல முடியாது.

ஹிரோஷிமாவில் தோட்டக்கலைக் குடும்பம் ஒன்று 1625-லிருந்து வளர்க்கப்பட்டுவந்த வெண்பைன் போன்சாய் ஒன்றை வைத்திருந்தது. 1945 ஆகஸ்ட் 6 காலை குண்டு வெடித்தபோது அவர்கள் வீடு மையத்திலிருந்து சுமார் மூன்று கிலோமீட்டர் தூரத்தில் இருந்தது. கண்ணாடித் துண்டுகள் பட்ட காயங்களோடு குடும்பத்தார் பிழைத்தார்கள். உயரமான சுவர் ஒன்று மறைத்ததால் மரமும் பிழைத்தது. 1976-இல் அமெரிக்கச் சுதந்திரத்தின் இருநூறாவது ஆண்டையொட்டி ஜப்பான் கொடுத்த 53 போன்சாய் மரங்களில் ஒன்றாக அந்தக் குடும்பத்தின் மசாரு யமாகி அதைக் கொடுத்தார். அது எதைக் கடந்து வந்தது என்பது வாஷிங்டனில் அதைப் பராமரித்தவர்களுக்கு அப்போது தெரியாது. 2001-இல் அவருடைய பேரன்கள் மரத்தைப் பார்க்க வந்தபோதுதான் தெரிந்தது. இருபத்தைந்து வருடங்களாக அந்தக் கதை தெரியாமலே பராமரிப்பாளர்கள் அதற்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், கொழுந்து கிள்ளியிருக்கிறார்கள், தொட்டி மண் மாற்றியிருக்கிறார்கள். மரத்துக்குத் தேவைப்பட்டதில் குறை வைக்கவில்லை. பராமரிப்பு என்பது ஒரு குலத்துக்கோ நாட்டுக்கோ உரிய சொத்தாக இருந்தால் அந்த மரம் அங்கே பிழைத்திருக்காது.

ஆனால் வாரிசு வராத தோட்டங்களும் உண்டு. இன்றைய ஜப்பானில் அதுதான் பெரிய சிக்கல். தாத்தா நட்டு அப்பா வளர்த்த பைனுக்கு வருடாவருடம் தோட்டக்காரரைக் கூப்பிடும் செலவு பேரனால் தாங்கவில்லை. அவர் வேறு நகரத்தில் இருக்கிறார். 'நிவாஜிமாய்', அதாவது தோட்டத்தை மூடுவது, இப்போது தனி வேலையாகவே ஆகிவிட்டது. மரத்தை வெட்டுவதற்கு முன் அடியில் உப்பும் சாக்கே மதுவும் தெளித்து வணங்குகிறார்கள். சிலர் பூசாரியை அழைத்துச் சடங்கு செய்கிறார்கள். இதை மூடநம்பிக்கை என்று தள்ளுவது எளிது. ஆனால் மரத்துக்குக் கொடுத்த வாக்கு முடிகிறது என்பதை யாராவது ஒருவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருக்கிறது. சடங்கு அந்த வேலையைச் செய்கிறது.

இதற்கு முன்மாதிரியும் உண்டு. யமகதா மாநிலத்தின் ஒகிதமா பகுதியில், வெட்டப்பட்ட மரம் செடிகளின் நினைவாகக் கல் நடும் வழக்கம் இருந்தது. 'சோமொகுதோ' என்று அவற்றுக்குப் பெயர். கிடைத்திருப்பவற்றில் மிகப் பழையது 1780-ஐச் சேர்ந்தது. அப்படிப்பட்ட கற்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன. பெரும்பாலானவை அந்தப் பகுதியிலேயே உள்ளன. அவற்றை நட்டவர்கள் மலைக் கிராமத்து மக்கள். விறகும் மரமும் இல்லாமல் அவர்களுக்குப் பிழைப்பில்லை. மரம் புத்தராகும் என்ற கொள்கை அவர்கள் கையிலிருந்த கோடரியைப் பிடுங்கவில்லை. வெட்டியதைக் கணக்கில் வைக்கவும், எல்லோரும் பார்க்கும் இடத்தில் அதை ஒப்புக்கொள்ளவும் வைத்தது. வினய விதி பிக்குவிடம் கேட்டதைத்தான் இந்தக் கல் கிராமத்திடம் கேட்கிறது. மரத்தின் உள்ளே என்ன இருக்கிறது என்பது முடிவாகாமல் போகட்டும், வெட்டிய கை தெரியாதது போல நடந்துகொள்ளக் கூடாது.

தோட்டத்தை மூட நேர்கிற குடும்பத்துக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. கென்ரோகுயெனின் கராசாகி பைன் அந்த மண்ணிலேயே தோன்றியதல்ல. ஹிரோஷிகே தன் ஓவியத்தில் இரவு மழையோடு வரைந்த பீவா ஏரிக்கரையின் புகழ்பெற்ற கராசாகி பைனிலிருந்து விதை கொண்டுவரச் செய்து, பத்தொன்பதாம் நூற்றாண்டில் கனசாவாவின் பிரபு மயெதா நரியாசு வளர்த்தது. ஏரிக்கரையில் விதை தந்த மரம் 1921-இல் பட்டுப்போனது. இன்று அங்கே நிற்பது மூன்றாவது தலைமுறை. ஒரு மரத்தை நிறுத்திவைக்க முடியாதவர்களும் அதன் விதையை வேறு கைக்கு மாற்றலாம். கரும்பைனின் கூம்பு, பூத்த அடுத்த வருடத்து இலையுதிர்காலத்தில்தான் முதிரும். செதில்கள் விரிவதற்கு முன் பறித்து, உலர்ந்த இடத்தில் வைத்தால் சில நாட்களில் தானே திறந்து, இறக்கை ஒட்டிய சிறு விதைகளை உதிர்க்கும். குளிர்காலத்தில் குளிர்ச்சியான இடத்தில் வைத்திருந்து, வசந்தத்தில் மணல் கலந்த மண்ணில் ஊன்றினால் முளைத்துவிடும். பக்கத்துப் பள்ளிக்கூடமோ, கோயிலோ, நிலம் வைத்திருக்கும் உறவினரோ அந்த நாற்றை வாங்கிக்கொள்ளத் தயாராக இருக்கலாம். மரத்தை வெட்டும் தேதியைக் குறிப்பதற்கு முன் கிளைகளில் பச்சைக் கூம்பு இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் அது முதிரும்வரை வேலையைத் தள்ளிவைக்கும்படி தோட்டக்காரரிடம் கேட்டுக்கொள்வது, தோட்டத்தை இனியும் தொடர முடியாத அந்தக் குடும்பத்தாலும் செய்யக்கூடியதுதான்.